பதின்மூன்றாவது மேடு

என் வள்ளத்தில் ஏறிய முதல் நாளே ஐஸ்வர்யா மூன்று தடவை வாந்தி எடுத்தாள். முதல் தடவை திரேஸ்புரம் கரை கண்ணைவிட்டு மறைவதற்குள். கடலை அளக்க வந்த ஆளைப் பார் என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன். இஞ்சின் பார்க்கிற ஃபிராங்க்ளினிடம், இது ஒரு மாதம்கூடத் தாங்காது என்று சொன்னேன். நான் சொன்னது நடக்கவில்லை. மாதம் இரண்டு நடை, ஒன்றைக்கூட அவள் விடவில்லை. வாந்தியும் அவளை விடவில்லை. வாயைத் துடைத்துக்கொண்டு நேரே போய், கடல் தண்ணீர் பிடிக்கிற பாட்டிலைக் கழுவுவாள். சங்கு குளிக்கிற ஆம்பிளைகளிடம்கூட அப்படி ஒரு வைராக்கியத்தை நான் பார்த்ததில்லை.

என் பெயர் இனிகோ. வயது ஐம்பத்திரண்டு. வள்ளத்துக்குத் தண்டல் நான், எங்கே போக வேண்டும், எப்போது திரும்ப வேண்டும் என்று சொல்கிறவன். ஒரு ஆராய்ச்சி ஆபீஸ்காரர்கள் வள்ளத்தை ஒரு வருஷத்துக்கு வாடகைக்குப் பேசியிருந்தார்கள். துறைமுகத்துக்கு வெளியே ஒன்பது இடம். ஒவ்வொரு இடத்திலும் இஞ்சினை நிறுத்த வேண்டும். ஐஸ்வர்யா பின்பக்கம் தார்ப்பாய்க்குக் கீழே உட்கார்ந்து மிஷினில் காற்றையும் தண்ணீரையும் அளப்பாள்.

"அப்படி என்னத்தத்தாம்மா அளக்குத?" என்று இரண்டாவது நடையில் கேட்டேன்.

"கார்பன் அண்ணாச்சி. காத்துல எவ்வளவு, கடல்ல எவ்வளவு, எது எங்கன போகுதுன்னு."

"கார்பன்னா கரிதான? அந்தா கப்பல்ல இருந்து மலை மலையா இறக்குதாம்லா. அங்கன போயி அளக்க வேண்டியதுதான."

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "அதுவுந்தான். அந்தக் கரி ஒரு காலத்துல மரம். மரம் அத காத்துல இருந்து எடுத்துச்சு. பல கோடி வருசம் மண்ணுக்குள்ள கெடந்துச்சு. இப்ப எரிக்கோம், திரும்பக் காத்துக்குப் போகுது. அதுல கால் பங்க இந்தக் கடல்தான் வாங்கிக்கிடுது."

அவளுக்கு உடன்குடி. அப்பா கருப்பட்டி வியாபாரம். ஒவ்வொரு நடைக்கும் ஒரு பொட்டலம் கருப்பட்டி கொண்டுவருவாள். அன்றைக்கு ஒரு துண்டை என் கையில் வைத்து, "இதுவும் காத்துதான் அண்ணாச்சி. பனை காத்தத் தின்னுதான் பதநி ஆக்குது. அடுப்புல போட்டுப் பாருங்க, கரியா நிக்கும்" என்றாள். நான் அதை வாயில் போட்டுக்கொண்டு, காற்று நன்றாக இனிக்கிறது என்று சொன்னேன்.

கேலிதான் செய்தேன். ஆனால் அவள் விடுகிற ஆள் இல்லை. நடைக்கு நடை ஒன்று சொல்வாள். காற்றில் இருப்பது கடலில் கரையும், கரைந்ததை எடுத்துத்தான் சங்கு ஓடு கட்டும், சிப்பி ஓடு கட்டும், பவளப்பூச்சி பாறை கட்டும் என்பாள். செத்த ஓடெல்லாம் அடியில் படிந்து படிந்து கல்லாகும், அந்தக் கல் பூமிக்குள்ளே போய்ச் சூடாகி என்றைக்கோ எரிமலை வழியாகத் திரும்பவும் காற்றுக்கு வரும் என்பாள். எங்கள் வீடு அந்தக் காலத்துப் பவளக்கல் வீடு. ஒரு நாள் அதைக் கேள்விப்பட்டு, "அப்ப உங்க வீட்டுச் செவுரு பூராம் காத்துதான்" என்றாள்.

"சும்மா போம்மா" என்றேன். ஆனால் வீட்டுக்குப் போனதும் பூச்சு உதிர்ந்த இடத்தில் கையை வைத்துப் பார்த்தேன். கல்லில் பூப்பூவாக ஓட்டை. பிறந்ததில் இருந்து இந்தச் சுவரில் முதுகைச் சாய்த்திருக்கிறேன், ஒரு நாள்கூட இதை எவன் கட்டினான் என்று நினைத்ததில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒன்றை எடுத்து, கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சி, என் வீட்டைக் கட்டியிருக்கிறது.

"செவுத்தப் போயி தடவிக்கிட்டு நிக்கிய, உடம்புக்கு என்ன?" என்றாள் என் மனைவி டயானா.

"ஒண்ணுமில்ல ஏளா. நல்லாக் கட்டியிருக்கான்" என்றேன்.

வெயில் காலத்தில் கடல் என்ன செய்யும் என்பதையும் ஐஸ்வர்யாதான் சொன்னாள். சோடா பாட்டிலை வெயிலில் வைத்தால் கேஸ் வெளியே ஓடுகிற மாதிரி, கடல் சூடானால் உள்ளே வாங்கினதை வெளியே விடும், குளிர்ந்தால் திரும்ப இழுக்கும். எந்த மாதம் எவ்வளவு இழுக்கிறது, எவ்வளவு விடுகிறது என்று ஒரு வருஷம் முழுக்க அளந்தால்தான் தெரியும். அதற்குத்தான் இத்தனை நடையும் இத்தனை வாந்தியும். நாற்பது வருஷமாக இந்தக் கடலில் கிடக்கிறேன், அது மூச்சு விடுகிறது என்று எனக்கு ஒருவனும் சொல்லவில்லை.

இனி நான் செய்த வேலையைச் சொல்ல வேண்டும்.

காற்றை இழுக்கிற பைப் ஒன்று உண்டு, விரல் தண்டிக்கு. அதன் வாயைக் கொடிக்கம்பின் உச்சியில் கட்டச் சொன்னாள். ஆள் மூச்சிலும் கார்பன் உண்டாம், அது படாத உயரத்தில். உச்சியில் கட்டினால் கொடி அடித்தே கிழித்துவிடும் என்று எனக்குத் தோன்றியது. வள்ளத்தின் முன்மூக்கை நாங்கள் அணியம் என்போம். அணியத்தில் ஒரு கண்ணாடிக் கூட்டுக்குள் மாதா நிற்கிறாள். அங்கே எவனும் கால் வைக்க மாட்டான், வலை போட மாட்டான், எச்சில் துப்ப மாட்டான். வள்ளத்திலேயே சுத்தமான இடம் அதுதான். ஆகவே மாதாவின் கூட்டோடு சேர்த்துப் பைப்பைக் கட்டினேன், சரியாக என் முகத்து உயரத்துக்கு. ஐஸ்வர்யா அப்போது கவிழ்ந்து கிடந்தாள். பிறகு வந்து பார்த்து யோசித்தாள்.

"இஞ்சின் புகை வராத இடந்தான். சரி, இருக்கட்டும். ஆனா மிஷின் ஓடும்போது அணியத்துக்கு ஆரும் போகக் கூடாது. சரியா அண்ணாச்சி?"

"மாதா மேல சத்தியம்" என்றேன்.

எட்டு இடத்தில் சத்தியத்தைக் காப்பாற்றினேன். ஏழாவது இடத்தில் காப்பாற்றவில்லை. முயல் தீவு லைட்ஹவுஸும் அனல் மின் நிலையத்தின் புகைபோக்கியும் ஒரே கோட்டில் வருகிற இடம் அது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் என் தம்பி ஜாக்சன் அங்கேதான் சங்கு குளிக்க இறங்கினான். போதும் என்றுதான் அவன் ஏறி வந்தான். இன்னும் ஒரு முக்குப் போட்டுட்டு வாலே என்று அவனைத் திரும்ப முங்கச் சொன்ன வாய் என்னுடையது. அவன் திரும்பி ஏறவில்லை, உடம்பும் கிடைக்கவில்லை. கல்லறைத் தோட்டத்தில் அவனுக்குச் சிலுவை இல்லை. வீட்டில் அவன் பெயரை நான் எடுப்பதில்லை, யாரும் எடுக்க விடுவதும் இல்லை. அந்த இடத்தைக் கடக்கும்போது இஞ்சினை நிறுத்தி, அணியத்தில் நின்று ஜெபமாலையில் ஒரு பத்துச் சொல்வேன். அதுதான் அவனுக்குக் கல்லறை.

அவள் அளக்கிற ஏழாவது இடம் அதே இடமாக அமைந்துவிட்டது. மாதாவிடம் போவது அணியத்துக்குப் போவதில் சேராது என்று என் மனதுக்குள் ஒரு சமாதானம் வைத்திருந்தேன். ஐஸ்வர்யாவுக்கு இஞ்சின் கூண்டு மறைக்கும், பக்கத்தில் மிஷின் இரையும், நான் நிற்பதும் தெரியாது, என் சத்தமும் கேட்காது. ஃபிராங்க்ளினுக்குத் தெரியும். அவன் வாயைத் திறக்க மாட்டான்.

ஏப்ரலில், இருபத்திரண்டு நடை முடிந்தபோது, அவளுடைய மேலதிகாரி தேவபிரசாதம் சார் சென்னையில் இருந்து வந்தார். கரையில் எங்கள் வலைக் கொட்டகையிலேயே உட்கார்ந்து எல்லாக் காகிதத்தையும் பார்த்தார். நான் டீ வாங்கிவந்து வைத்துவிட்டு ஓரமாக நின்றேன். நல்ல மனுஷன்தான், அதட்டிப் பேசவில்லை. அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது.

"ஏழாவது இடத்துல மட்டும் காத்து ரீடிங் குதிக்குது. இருபத்திரண்டு தடவையும்" என்றார். "இது என்னம்மா?"

"புகைபோக்கின்னு நினைச்சேன் சார். ஆனா வாடைக்காத்து அடிச்சாலும் கச்சான் காத்து அடிச்சாலும் அதே மாதிரி வருது. அடியில இருந்து ஏதும் வருதான்னு தண்ணியும் எடுத்துப் பார்த்தேன். தண்ணி சரியா இருக்கு."

"அப்ப மிஷின்ல கோளாறு. ஒரு இடத்துல காரணம் தெரியாம தப்புன்னா மத்த எட்டு இடத்த நான் எதை வச்சு நம்ப? இந்த வருஷத்து டேட்டாவ எடுத்துக்க முடியாது."

"இன்னொரு வருசம் அளக்கட்டுமா சார்?"

"அனுமதி இந்த ஒரு வருஷத்துக்குத்தாம்மா."

அவள் அழவில்லை. காகிதங்களை அடுக்கினாள், கலைத்தாள், திரும்ப அடுக்கினாள். இருபத்திரண்டு நடை கடலில் குடலைக் கக்கியவள் கரையில் நிற்க முடியாமல் மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

ஒரு காகிதம் என் பக்கம் கிடந்தது. ஏழாவது இடம் என்று மேலே எழுதி, கீழே ஒரு கோடு. சமமாக ஓடிவந்து, நடுவில் மேடு மேடாக எழும்பி, திரும்பச் சமமாகப் போனது. எனக்கு அந்தக் கோட்டைப் படிக்கத் தெரியாது. ஆனால் எண்ணத் தெரியும். முதலில் அகலமாக ஒரு மேடு. அதற்குப் பிறகு ஒரே அளவில் சின்னச் சின்னதாக. விரலை வைத்து எண்ணினேன். பத்து. பிறகு குட்டையாக ஒன்று.

இன்னொரு காகிதத்தை எடுத்தேன். அதுவும் பத்து. அடுத்ததும் பத்து.

ஜெபமாலையில் ஒரு பத்து என்றால் பரலோக மந்திரம் ஒன்று, அருள் நிறைந்த மரியே வாழ்க பத்து, பிதாவுக்கும் சுதனுக்கும் ஒன்று. எங்கள் தெருவில் ஐந்து வயதுப் பிள்ளை இதைப் படித்துவிடும். சென்னையில் இத்தனை படித்த மனுஷனுக்கு எப்படித் தெரியும்? கருப்பட்டி வியாபாரி மகளுக்கு எப்படித் தெரியும்?

வாயை மூடிக்கொண்டு டீ கிளாஸை எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். மாதா மேல் செய்த சத்தியத்தை மீறியவன் என்று ஊருக்குத் தெரியாமல் போயிருக்கும், ஜாக்சன் பெயரும் வெளியே வந்திருக்காது. அவள் என்னை அண்ணாச்சி அண்ணாச்சி என்று கூப்பிட்டுத் தொலைத்திருந்தாள்.

"சார், மிஷின் சரியாத்தான் இருக்கு. கோளாறு நான்தான்" என்றேன்.

இரண்டு பேரும் திரும்பினார்கள்.

"அது என் மூச்சு சார். அந்த எடத்துல பைப்புக்கு நேரா நின்னு ஜெபம் சொல்லுவேன். இந்தா பாருங்க, இது பரலோக மந்திரம். இந்தப் பத்தும் மரியே வாழ்க. எண்ணிப் பாருங்க."

ஐஸ்வர்யா என்னைப் பார்த்த பார்வையை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். "சத்தியம் பண்ணினீங்களே அண்ணாச்சி" என்றாள்.

"பண்ணினேன் தாயி. எம்மேல தப்புதான்."

சார் காகிதத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து எண்ணினார். பிறகு, "சொன்னாப் போதாது, நிரூபிக்கணும்" என்றார்.

"பைப்புல ஊதிக் காட்டட்டுமா?"

"ஊதினா எப்படி வேணா வரும். அங்க என்ன செய்வீங்களோ அதை அப்படியே செய்யுங்க. எதையும் விடாம."

வள்ளம் கரையில் கட்டிக்கிடந்தது. மிஷினைப் போட்டார்கள். சாரும் ஐஸ்வர்யாவும் பின்பக்கம் மிஷினின் திரைக்கு முன்னால். நான் அணியத்தில் மாதாவுக்கு முன்னால். பட்டப்பகல், பக்கத்து வள்ளத்துக்காரர்கள் எல்லாம் ஐஸ் உடைப்பதை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். ஃபிராங்க்ளின் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். ஆரம்பித்தேன். பரலோக மந்திரம் முடிந்தது, பத்தும் முடிந்தது, பிதாவுக்கும் முடிந்தது. சிலுவை போட்டுக்கொண்டு பின்பக்கம் போனேன்.

திரையில் அதே மேடுகள் வரிசையாக நின்றன. ஐஸ்வர்யாவின் முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது. சார் மட்டும் பழைய காகிதத்தையும் திரையையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"பன்னிரண்டு சரியா இருக்கு" என்றார். "ஆனா கடல்ல எடுத்தது எல்லாத்துலயும் கடைசியா இன்னொண்ணு இருக்கு. பதின்மூணாவது. எல்லாத்தையும் விட உயரம். இப்ப அது வரலையே."

அந்த மேட்டை நான் எண்ணாமல் விட்டிருந்தேன். எண்ணாமல் விட்டேனா, பார்க்க மனசில்லாமல் விட்டேனா, தெரியாது.

"அது ஜெபம் இல்ல சார்" என்றேன்.

"அது என்னன்னு தெரியணும்" என்றார் சார். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார்.

திரும்ப அணியத்துக்குப் போனேன். பதினோரு வருஷமாக அந்த ஒரு இடத்தில், கரையில் கேட்காத தூரத்தில் மட்டும் சொன்னதை, எங்கள் கரை பூராவும் கேட்க முழு நெஞ்சோடு கத்தினேன்.

"ஏலே ஜாக்சா, மேல ஏறி வாலே."

ஐஸ் கடை அண்ணாச்சி கையில் இருந்த சம்மட்டியைக் கீழே வைத்தார். எங்கள் கரையில் அந்தப் பெயரைத் தெரியாதவர் இல்லை. நான் மாதாவின் கூட்டைப் பிடித்துக்கொண்டு அழுதேன், சின்னப் பிள்ளை மாதிரி, வெட்கம் பார்க்காமல் அழுதேன்.

பின்பக்கம் மிஷினை நிறுத்தினார்கள். பிறகு சார் பேனாவைத் திறந்து ஐஸ்வர்யாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

"ஏழாவது இடத்துல இந்த நாலு நிமிஷத்த மட்டும் வெட்டுங்க. மத்தது அத்தனையும் நிக்கும். மிஷின் ரொம்ப நல்ல மிஷின்மா. மனுஷன் சொல்ற மந்திரத்தை எண்ணியிருக்கு."

"வெட்டுனதுக்குக் காரணம்னு என்ன சார் எழுத?"

"நடந்ததை எழுதுங்க."

அவள் எழுதினதைப் பிறகு எனக்குக் காட்டினாள். தண்டலின் ஜெபம், நான்கு நிமிடம் என்று இருந்தது. பெரிய ஆபீஸ் காகிதத்தில் என் ஜெபம் ஏறிவிட்டது. அன்றைக்கு ராத்திரிச் சோற்றுக்கு உட்கார்ந்தபோது டயானாவிடம் ஜாக்சன் பெயரை நானே எடுத்தேன். அவள் குழம்புக் கரண்டியை வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

மறுநாளே கொடிக்கம்பில் ஏறி, கொடியை அவிழ்த்துவிட்டு, உச்சியில் பைப்பைக் கட்டினேன்.

கடைசி நடை மே மாதம். கச்சான் இன்னும் தொடங்கவில்லை, கடல் எண்ணெய் மாதிரி கிடந்தது, வெயில் மண்டையைப் பிளந்தது. ஐஸ்வர்யா அன்றைக்கும் வாந்தி எடுத்தாள். லைட்ஹவுஸும் புகைபோக்கியும் ஒரே கோட்டுக்கு வந்ததும் ஃபிராங்க்ளின் இஞ்சினை நிறுத்தினான். நான் தயங்கி நின்றேன்.

"போங்க அண்ணாச்சி. பைப்பு மேல இருக்கு" என்றாள் அவள். உடனே, "ஒரு நிமிசம், முதல்ல இங்கன வாங்க" என்று கூப்பிட்டாள்.

திரையில் இரண்டு எண். ஒன்று காற்று, ஒன்று தண்ணீர். தண்ணீரின் எண் பெரிதாக இருந்தது.

"இன்னைக்கு இங்கன கடல் வெளிய விடுது" என்றாள். "தண்ணி சூடாயிட்டுல்லா. உள்ள கரைஞ்சு கெடந்தது மேல ஏறி காத்துக்கு வருது."

"நான் இங்கன நின்னு விட்ட மூச்சும் வருமா?"

"முக்காவாசி காத்தோட போயிருக்கும். உள்ள போனது கொஞ்சம் வரும்."

"எப்ப உள்ள போனது வரும்?"

"அப்படிப் பிரிச்சுச் சொல்ல முடியாது அண்ணாச்சி. எல்லாம் கலந்துதான் வரும். போன வருசம் போனது, பத்து வருசத்துக்கு முன்ன போனது, ஆயிரம் வருசத்துக்கு முன்ன போனது. மூச்சு மட்டும் இல்ல. கடலுக்குள்ள எந்த உசுரு முடிஞ்சாலும் அதுல இருந்த கார்பன் தண்ணில கரையும். கொஞ்சம் ஓடாகும், கல்லாகும். கொஞ்சம் இப்படி மேல..."

சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள். என் முகத்தைப் பார்த்தாள், பிறகு பாட்டிலைக் கழுவக் குனிந்துகொண்டாள்.

நான் அணியத்துக்குப் போனேன். மாதாவுக்கு முன்னால் நின்று பரலோக மந்திரம் சொன்னேன். பத்துச் சொன்னேன். பிதாவுக்கும் சொன்னேன். கடைசியில் கூப்பிடுவதற்கு வாயைத் திறந்தேன். பதினோரு வருஷமாக மேலே வா, மேலே வா என்று கத்தியிருக்கிறேன். தண்ணீர் அசையாமல் கிடந்தது. அதன் மேல் வெயில் கொதித்தது. முகத்தில் லேசாக உப்புக் காற்றுப் பட்டது.

அன்றைக்கு நான் கூப்பிடவில்லை. வாயை மூடிக்கொண்டு, முக்குப் போடுவதற்கு முன்னால் ஜாக்சன் இழுப்பானே, அதேபோல நெஞ்சு கொண்ட மட்டும் மூச்சை உள்ளே இழுத்தேன்.

"அண்ணே, இஞ்சினப் போடட்டா?" என்று பின்பக்கம் இருந்து ஃபிராங்க்ளின் கேட்டான்.

பதில் சொல்ல வாயைத் திறந்தால் மூச்சை விட்டுவிடுவேன். அதனால் பொறு என்று கையை மட்டும் காட்டினேன்.